மேடைக்கு அடியில் ஒரு தரை

ஆஸ்திரேலியக் கிராமமான வில்காராவின் ஊர் மண்டபத்தில் சில மாதங்களாக ஒரு நாற்றம் இருந்தது. பழி முழுவதும் போசத்தின் தலையில் விழுந்தது.

போசம் மரமேறும் ஒரு காட்டு விலங்கு, பூனை அளவில் இருக்கும். வால் தடித்திருக்கும். இரவானால் கூரைக்குள் ஓடியாடிக் குடும்பம் நடத்தும். வில்காராவில் எங்கே எது நாறினாலும் "போசமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். சிறுமி பிரைடியின் அப்பா கர்ட் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை மண்டபக் கூரைக்குள் ஏறினார். இரண்டு தடவையும் தலை நிறைய ஒட்டடையோடு இறங்கினார்.

"பயங்கர புத்திசாலிப் போசம்" என்றார். "நான் ஏறினா அது எறங்கிடுது. நான் எறங்கினா அது ஏறிடுது."

மண்டபத்துக்கு அந்த வருடம் நூறு வயது. சனிக்கிழமை பெரிய நடன விழா. சுற்றுவட்டாரக் கோதுமைப் பண்ணைகளிலிருந்து எல்லாரும் வருவார்கள். அதற்கு முன்னால் தரையைத் தயார் செய்ய வேண்டும். வில்காராவில் அது பிள்ளைகளின் வேலை.

மெழுகுவர்த்தியைச் சீவி மரத்தூளோடு கலந்து தரையெங்கும் தூவுவார்கள். கோதுமைச் சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். பெரிய பிள்ளைகள் சாக்கின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடுவார்கள். இப்படி ஓடி ஓடியே தரை வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அதில் ஆடினால் கால் தானாகவே போகும்.

பிரைடிக்குப் பத்து வயது ஆகிவிட்டது. இத்தனை வருடமும் சாக்கில் உட்கார்ந்தவள் இந்த வருடம் சாக்கை இழுக்கப் போகிறாள். அவளுக்கு அது பெரிய பதவி உயர்வு. உட்காரும் பதவி ஆறு வயதுத் தம்பி ஃபின்னுக்குப் போயிற்று.

"வேகமா இழுக்கணும். நான் கத்தினாலும் நிறுத்தக் கூடாது" என்று ஃபின் உத்தரவு போட்டான்.

"முதல்ல பியானோவை நகர்த்தலாம்" என்றார் மிஸஸ் டாயல். மண்டபக் கமிட்டியின் தலைவி அவர்தான்.

பியானோ முன்பெல்லாம் மேடைமேல்தான் இருந்தது. அதை வாசிப்பவர் லோர்னா. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவதும் அவர்தான். அவர் எங்கே போனாலும் கிரேவியும் கூடவே போகும். கிரேவி ஆடு மேய்க்கும் சாதி நாய். வறுத்த கறியின்மேல் ஊற்றும் குழம்பின் நிறம். லோர்னா வாசிக்கும்போது அவர் இடது கால்மேல் மோவாயை வைத்துப் படுத்திருக்கும். வயதாகி, மேடைப் படிகளில் ஏற முடியாமல் அதன் பின்னங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆறு பேர் சேர்ந்து பியானோவைக் கீழே இறக்கி, ஆடுகிற தரையின் மூலையில் வைத்தார்கள். நாயை ஏற்ற முடியாது என்று பியானோவை இறக்கிய ஊர் அது.

இப்போது எல்லாரும் சேர்ந்து பியானோவைத் தள்ளினார்கள். பிரைடி குனிந்து, கிரேவி படுக்கும் கம்பளத்தைச் சுருட்டினாள்.

தரை கறுப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தில் மின்ன, அங்கே மட்டும் சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு கறை. நாற்றம் குப்பென்று எழுந்து மூக்கில் ஏறியது.

எல்லாரும் முதலில் கூரையைப் பார்த்தார்கள். பழக்கதோஷம். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பிக் கிரேவியைப் பார்த்தார்கள். எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று கிரேவி சந்தோஷமாக வாலை ஆட்டியது.

லோர்னாவின் முகம் சிவந்துவிட்டது. "கம்பளத்துமேல போடற விரிப்பை ஒவ்வொரு தடவையும் துவைச்சுத்தான் போட்டேன். அடியில இறங்கியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. அவனுக்கு வயசாயிடுச்சு. ஒண்ணுக்குப் போறதே அவனுக்குத் தெரியறதில்லை."

மிஸஸ் டாயல் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் என்றால் சட்டம். "லோர்னா, தப்பா நெனைக்காத. நாய் இனிமே மண்டபத்துக்குள்ள வரக் கூடாது."

"தப்பா நெனைக்கல." லோர்னா பியானோவின் மூடியை மெதுவாகச் சாத்தினார். "ஆனா வெளியில கட்டினா ஊளையிடுவான். வீட்டுல விட்டா கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கால்ல ரத்தம் வரவச்சுக்குவான். இந்த வயசுல அவனை அப்படி விட்டுட்டு வர எனக்கு மனசு வராது. வேற யாராவது வாசிக்கட்டும்."

அவர் போனார். கிரேவியும் கால்களை இழுத்து இழுத்து அவர் பின்னாலேயே போயிற்று.

வேறு யார் வாசிப்பது? வில்காராவில் மிச்சமிருந்த ஒரே இசைக் கலைஞன் ஃபின். அவனுக்குப் புல்லாங்குழலில் ஒன்றரைப் பாட்டு தெரியும்.

விழாவில் முதல் ஜோடி நடனத்தை அப்பாவோடு ஆடப் போவதாக பிரைடி சமையலறையில் தினமும் பழகிக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் முதல் முதலாகப் பள்ளிக்குப் போன நாள், பேருந்தில் தேம்பித் தேம்பி அழுதாள். கிரேவி எழுந்து வந்து அவள் ஷூவின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு பள்ளி வரும்வரைக்கும் எடுக்கவே இல்லை. அந்தக் கிரேவியை வெளியே போ என்று எப்படிச் சொல்வது?

"கறை போயிட்டா கிரேவி வரலாமா?" என்று மிஸஸ் டாயலைக் கேட்டாள்.

"முதல்ல கறை போகட்டும்" என்றார் அவர். அது சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை.

அன்று மாலையே பிரைடியும் அப்பாவும் வாளியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார்கள். வினிகர் ஊற்றித் தேய்த்தார்கள். சோடா மாவு தூவித் தேய்த்தார்கள். நாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. கறுப்பு அசையவில்லை. மறுநாள் அப்பா கடையிலிருந்து மரக்கறை போக்கும் பவுடர் வாங்கி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு கரைத்துப் பூசினார். கறுப்பு கொஞ்சம் யோசித்தது. கரும்பழுப்பாக மாறியது. அதோடு நின்றுவிட்டது.

அப்பா உளியால் ஓரமாகச் சுரண்டிப் பார்த்தார். "உள்ள வரைக்கும் குடிச்சிருக்கு. சும்மா போகாது."

"மெஷின் வெச்சுத் தேய்ச்சா?"

"ஒரு பலகையோட ஓரத்து நாக்கு அடுத்த பலகையோட பள்ளத்துல கோத்திருக்கு பாரு. நாக்குக்கு மேல கொஞ்சம் மரம்தான் மிச்சம் இருக்கு. அதையும் தேய்ச்சா தரை பல்லை இளிச்சிடும்."

புதுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தும் பார்த்தார்கள். அதே சைப்ரஸ் பைன் மரம்தான். ஆனால் பழைய தரை தேன் நிறம், இது வெளுத்துப்போய்க் கிடந்தது. பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

"நூறாவது வருஷ போட்டோல இதுதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும்" என்று பெருமூச்சு விட்டார் மிஸஸ் டாயல். "பிரைடி, அந்தச் சாக்கை எடுத்து உள்ள போட்டுடும்மா. இப்போதைக்கு அது வேணாம்."

சாக்குகள் இருக்கிற இடம் மேடைக்கு அடியில். மேடையின் முன்பக்கம் முட்டியளவு உயரத்தில் ஒரு குட்டிக் கதவு உண்டு. பெரியவர்கள் அதற்குள் நுழைய முடியாது. அதனால் அந்த இடம் என்றைக்கும் பிள்ளைகளுடையதுதான். பிரைடி சாக்கை இழுத்துக்கொண்டு தவழ்ந்து போனாள். உள்ளே இருட்டு. தூசி. தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் கை வழுக்கிக் கீழே ஊன்றினாள்.

கையை எடுத்தபோது தூசியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. குட்டிக் கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அந்த விரல் தடங்கள் தேன் நிறத்தில் மின்னின.

பிரைடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை தடவை இதன்மேல் தவழ்ந்திருக்கிறாள்! ஒருநாள்கூடக் கீழே பார்த்ததில்லை. சட்டைக் கையால் துடைத்தாள். பலகை. அடுத்த பலகை. அதற்கடுத்த பலகை.

"அப்பா!"

மேடைக்குள்ளிருந்து குரல் கும்மென்று அதிர்ந்தது. ஃபின் துள்ளிக் குதித்தான். "போசம் பேசுது!"

"அப்பா, இங்க தரை இருக்கு!"

"எல்லா இடத்துலயும் தரை இருக்கும், பிரைடி."

"ஐயோ, அது இல்லப்பா! அதே தரை! அதே பலகை! மேடைக்கு அடியில சுவர் வரைக்கும் ஓடுது!"

அப்புறம் அப்பாவின் தலை குட்டிக் கதவுக்குள் வந்தது. ஒரு தோள் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"அட, ஆமாம்!" என்றது தலை. "முதல்ல மண்டபம் முழுக்கத் தரை போட்டிருக்காங்க. அப்புறம் அதுக்கு மேல மேடை கட்டியிருக்காங்க. பிரைடி, நீ ஒரு... ஏய், நான் மாட்டிக்கிட்டேன்!"

மிஸஸ் டாயல் ஒரு காலையும் ஃபின் ஒரு காலையும் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள்.

"கறுப்புப் பலகையை மேடைக்கு அடியில போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே பிரைடி தூசியோடு வெளியே வந்தாள். "அடியில இருக்கிறதை மூலையில போட்டுடலாம். ரெண்டும் ஒண்ணாப் பொறந்த பலகை. நிறம் மாறவே மாறாது."

அப்பா அவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "நான் ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

வேலை தொடங்கியது. கறுப்புப் பலகைகளை அப்பா கழற்றினார். அடியிலிருந்த தாங்கு கட்டைகளையும் வினிகர் போட்டுத் தேய்த்துக் காயவிட்டார். மேடைக்கு அடியில் பிரைடிதான் ஆசாரி. அப்பா வெளியிலிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் ஆணி பிடுங்கும் கம்பியைச் சந்தில் செருகி நெம்பினாள். ஆணி கிரீச்சென்று கத்திக்கொண்டே மேலே வந்தது.

முதல் பலகை கிளம்பியதும் ஒரு மணம் எழுந்தது. மழை விட்ட பிறகு பைன் காட்டுக்குள் நடந்தால் வருமே, அதே மணம். பிரைடி நெம்புவதை நிறுத்திவிட்டாள். இந்த மரத்தை வெட்டி நூறு வருடம் ஆயிற்று. இருட்டில், தூசிக்கு அடியில், யாரும் முகராமலே இவ்வளவு நாளும் அது மணத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பலகையை வெளியே தள்ளினார்கள். அப்பா அதைக் காலியிடத்தில் பொருத்தினார். நாக்கு பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. நிறம் அச்சு அசலாக ஒன்றாயிருந்தது. பிரைடி சந்தோஷத்தில் அதன்மேல் கையை ஓட்டினாள்.

விரல் இடறியது.

புதிதாக வைத்த பலகை பக்கத்துத் தரையைவிட உயரமாக இருந்தது. இரண்டு தீக்குச்சியை அடுக்கினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு உயரம்.

"அப்பா, இது தடிமனா இருக்கே. வேற பலகையா?"

"இல்லையே. நாக்கு சரியா உட்காருது பாரு. ரெண்டும் ஒரே பலகைதான்."

"அப்ப ஏன் உசரமா இருக்கு?"

அப்பா குனிந்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து மண்டபம் நெடுகப் பார்த்தார்.

"இது உசரமா இல்லை, பிரைடி" என்றார் மெதுவாக. "அது தேஞ்சு போயிருக்கு."

"யார் தேய்ச்சா?"

அப்பா மிஸஸ் டாயலைப் பார்த்தார். "எப்பவாவது மெஷின் வெச்சிருக்காங்களா?"

"இந்தத் தரையிலயா? ஒரு நாளும் இல்லை. என் மாமியார் கமிட்டியில இருந்த காலத்துலயும் இல்லை. சாக்கு இழுக்கறதுதான். வேற ஒண்ணும் கிடையாது."

பிரைடி மண்டபத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் ஷூவைப் பார்த்தாள்.

"அப்ப நாமதான் தேய்ச்சிருக்கோம்" என்றாள். "ஆடி ஆடியே."

சைப்ரஸ் பைன் லேசுப்பட்ட மரமில்லை. பிரைடி கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினாள். ஒரு கோடுகூட விழவில்லை. அந்த மரத்தைத் தோல் செருப்பும் கம்பளிக் காலுறையும் தேய்த்திருக்கின்றன. பண்ணைக்காரர்களின் கனத்த பூட்ஸ், கல்யாணப் பெண்களின் வெள்ளைச் செருப்பு, அப்பா கால்மேல் ஏறி நின்று ஆடிய பாப்பாக்கள், சாக்கை இழுத்து ஓடிய பிள்ளைகள் எல்லாரும் தேய்த்திருக்கிறார்கள். ஒருத்தர் ஆடினால் ஒன்றுமே தேயாது. ஊரே நூறு வருடம் ஆடினால் இவ்வளவு தேயும். தேய்க்கிறோம் என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

மிஸஸ் டாயல் முட்டி கடகடக்கத் தரையில் மண்டியிட்டார். கட்டைவிரலால் அந்தச் சின்னப் படியைத் தடவினார்.

"எங்கம்மா எங்கப்பாவோட முதல்ல ஆடினது இங்கதான்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அப்புறம் நானும் டாயலும். அவர் தரையில மிதிச்சதைவிட என் காலை மிதிச்சதுதான் அதிகம். இருந்தாலும் இதுல அவர் பங்கும் இருக்கும் இல்லையா?"

"நிச்சயமா இருக்கும்" என்றாள் பிரைடி.

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவும் கழற்றினார். ஃபின்னும் கழற்றினான்.

"எதுக்குக் கழட்டறோம்?" என்று ஃபின் ரகசியமாகக் கேட்டான்.

"தெரியல. சும்மா கழட்டு."

மிஸஸ் டாயல் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். பிரைடி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கிரேவி குட்டியா இருந்தப்பலேர்ந்து இங்க வர்றான். அவன் நகமும் இதுல கொஞ்சம் தேய்ச்சிருக்கும்."

மிஸஸ் டாயல் சிரித்துவிட்டார். "சாமர்த்தியக்காரி! தேய்ச்சான் சரி. மறுபடியும் நனைச்சா என்ன பண்ணுவே? மேடைக்கு அடியில எத்தனை பலகை இருக்கு?"

பிரைடி அதையும் யோசித்து வைத்திருந்தாள். "பஸ்ஸுல தினமும் ஒரே இடத்துலதான் படுக்கறான். பஸ் நாறுதா? நாறாது. ஏன்னா அங்க ரப்பர் பாய். இங்கயும் அதைப் போடலாம். ஓரத்தை மடிச்சு விட்டா வழியாது. மேல அப்பா சீவற மரச்சுருளைப் பரப்பிட்டா ஈரத்தைக் குடிச்சிடும். அப்புறம், ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் அவனை வெளியில கூட்டிட்டுப் போகணும். நாங்க முறை போட்டுக்கறோம்."

"ஆட்டத்தை விட்டுட்டா?"

"ஒரு ஆட்டம் போனா போகட்டுமே. தரை எங்கயும் ஓடிடாது."

மிஸஸ் டாயல் மறுபடியும் அந்தப் படியைத் தடவினார். "முதல் முறை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "என் முட்டிக்கும் காத்து வாங்கணும்."

மறுநாள் காலை பள்ளிப் பேருந்து வந்து நின்றபோது நிறுத்தத்தில் பிள்ளைகளோடு மிஸஸ் டாயலும் நின்றார். கையில் ஒரு தட்டு நிறைய, தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக் இருந்தது.

"லோர்னா, சனிக்கிழமைக்கு ஆள் வேணும். பியானோவுக்கு ஒருத்தர், சாக்குல உக்கார ஒருத்தர்."

"சாக்குல உக்கார நான் இருக்கேனே!" என்று ஃபின் அலறினான்.

"உன் கனம் பத்தாது. புதுப் பலகை வழவழப்பாகணும் இல்லையா? கிரேவியையும் கூட உக்கார வைக்கப் போறோம்."

லோர்னா மூக்கை உறிஞ்சினார். பிரைடியை ஒரு பார்வை பார்த்தார். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்கப் பேருந்து பறந்தது.

அப்பா உயரமாக இருந்த பலகைகளை இழைப்புளியால் சீவினார். சுருள் சுருளாக மரம் கிளம்பியது. மண்டபம் முழுக்கப் பைன் காட்டு மணம். சுவரோரம் பியானோவுக்குப் பின்னால் வந்ததும் பிரைடி அவர் கையைப் பிடித்தாள்.

"இங்க மட்டும் சீவாதீங்கப்பா. ஒரு சாண் விட்டுடுங்க. தொட்டுப் பார்க்க வேணும்."

அப்பா விட்டுவிட்டார். சீவிய இடத்தில் எண்ணெய் பூசியதும் பழைய தேன் நிறம் திரும்பி வந்தது. கறுப்புப் பலகைகளைக் கழுவி வெயிலில் உலர்த்தியிருந்தார்கள். அவற்றைப் பிரைடி மேடைக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கிப் பொருத்தினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாக்கை விரித்தார்கள். கிரேவி நடுவில் ராஜா போல உட்கார்ந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஃபின் உட்கார்ந்தான். லோர்னா பியானோவில் கையை வைத்தார். பிரைடி சாக்கின் முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மெழுகும் மரத்தூளும் சரசரக்க, தான் கெடுத்த தரையைத் தானே உட்கார்ந்து மெருகேற்றிக்கொண்டு கிரேவி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் காதுகள் பின்னால் பறந்தன. மூன்றாவது சுற்றில் ஃபின் கத்தினான். சொன்ன சொல்படி பிரைடி நிறுத்தவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்து வழிந்தது. பியானோவுக்குக் கீழே ரப்பர் பாயில், மரச்சுருள் மெத்தையில், லோர்னாவின் இடது கால்மேல் மோவாயை வைத்துக் கிரேவி படுத்திருந்தது. முதல் நடனத்துக்கு இசை எழும்பும் முன்னால் கூரைக்குள் தொம் தொம் என்று ஏதோ ஓடியது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மன்னிச்சிடுப்பா!" என்று அப்பா கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். மண்டபமே சிரித்தது.

இசை தொடங்கியது. அப்பா கையை நீட்டினார். பிரைடி அவரை நேராக அந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இந்தப் பலகைகள் நூறு வருடம் மேடைக்கு அடியில் கிடந்தவை. பத்தடி தள்ளி ஊரே ஆடியபோது, இவை இருட்டில் அந்தப் பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. இவற்றின்மேல் இதுவரை ஒருவரும் ஆடியதில்லை. அதை நினைத்ததும் பிரைடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"என்ன, ஆடலாமா?" என்று அப்பா கேட்டார்.

பிரைடி வலது காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். பிறகு நன்றாக அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஆடினாள்.